பிரம்பும் தொலைபேசியும் கணினியும்

1970-களில் தமிழ்நாட்டில் பார்வையற்ற ஓர் இளைஞர் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடத் தொடங்கினால், அவருக்குத் திறந்திருந்த வழிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிரம்பு நாற்காலி பின்னலாம். மெழுகுவத்தியோ சாக்பீஸோ செய்யும் பட்டறையில் சேரலாம். குரல் வாய்த்தவர் பாடலாம். விரல் வாய்த்தவர் ஆர்மோனியம் வாசிக்கலாம். தான் படித்த பள்ளிக்கே ஆசிரியராகத் திரும்பலாம். நல்ல நேரம் கூடிவந்தால், ஓர் அரசு அலுவலகத்திலோ வங்கியிலோ தொலைபேசி இயக்குநராக அமரலாம். இன்று அவருடைய பேரன் பேத்தி வயதில் இருக்கும் பார்வையற்றவர்களில் வங்கி அதிகாரிகள் இருக்கிறார்கள். வழக்கறிஞர்கள், கல்லூரிப் பேராசிரியர்கள், மென்பொருள் சோதிப்பவர்கள், குடிமைப் பணி அதிகாரிகள் இருக்கிறார்கள். இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளில் கூடியது நிறைய. கழிந்ததும் கொஞ்சம் உண்டு. கூடியதை எல்லோரும் பேசுகிறோம். கழிந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

பாளையங்கோட்டையில் 1890-ல் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியும், 1931-ல் தொடங்கிப் பூந்தமல்லியில் நடந்துவரும் அரசுப் பள்ளியும் பிரெய்ல் எழுத்தோடு கைத்தொழிலையும் சேர்த்தே கற்பித்தன. எழுத்து அறிவுக்கு, தொழில் வயிற்றுக்கு என்பது அக்காலத்து ஏற்பாடு. அந்தத் தொழில்களில் பிரம்பு பின்னுவதற்குத் தனி இடம் இருந்தது. நாற்காலியின் மரச்சட்டத்தில் நான்கு பக்கமும் வரிசையாகத் துளைகள் இருக்கும். தண்ணீரில் ஊறவைத்து இளக்கிய பிரம்பு இழையை முதலில் முன்னும் பின்னுமாக இழுப்பார்கள். பிறகு இடமும் வலமுமாக. கடைசியில் இரண்டு மூலைவாட்டிலும். எட்டுக் கோணக் கண்கள் நிறைந்த இருக்கை மெல்ல மெல்ல உருவாகும். அடுத்த துளை எங்கே என்பதை விரல் தேடிக் கண்டுகொள்ளும். இழை இறுகியிருக்கிறதா, தொய்ந்திருக்கிறதா என்பதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அரசு அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் பிரம்பு நாற்காலிகள் நிறைந்திருந்த காலம் அது. உட்கார உட்கார அவை கிழியும். கிழிந்தவை பின்னுவதற்கு வரும். சில துறைகளில் பிரம்பு பின்னுவதற்கென்றே பணியிடம் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியும் மெத்தை வைத்த சுழல் நாற்காலியும் வந்தபோது, அலுவலகத்தின் தோற்றம் மட்டும் மாறவில்லை. ஒரு கூட்டத்தின் பிழைப்பும் சேர்ந்தே போயிற்று.

அதைவிட ஒரு படி மேலானது தொலைபேசிப் பலகை. அழைப்பு வந்தால் சிறு தகடு விழும் பழைய பலகைகளில், விழுந்த ஓசையைக் கேட்டு, எந்தத் தகடு என்று விரலால் தடவி அறிந்து, கயிற்றின் முனையை அதற்குரிய துளையில் செருக வேண்டும். வெளியே பேச வேண்டுமென்றால் சுழலும் டயலின் துளைகளை விரலால் எண்ணிச் சுழற்ற வேண்டும். உள் இணைப்பு எண்கள் அத்தனையும் மனப்பாடம். எந்த அதிகாரி எத்தனை மணிக்கு இருக்கையில் இருப்பார், எந்தப் பிரிவில் இன்று யார் விடுப்பு, யாருடைய அழைப்பை உடனே கொடுக்க வேண்டும், யாரைச் சற்றுக் காத்திருக்கச் சொல்லலாம் என்பதெல்லாம் அந்த நாற்காலியில் இருந்தவருக்குத் தெரியும். அலுவலகம் முழுவதும் அவர் வழியாகத்தான் பேசியது. நிரந்தரச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதியம் என்று ஒரு குடும்பத்தை நிமிர்த்திவிடும் வேலை அது. பார்வையற்ற மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கத் தயங்கிய வீடுகள், ‘டெலிபோன் ஆபரேட்டர்’ என்றதும் உள்ளே வந்து உட்காரச் சொல்லியிருக்கின்றன. நேரடி எண்களும் தானாகப் பதில் சொல்லும் கருவிகளும் கைபேசியும் வந்த பிறகு அந்தப் பலகைக்கு வேலை இல்லை. இருந்தவர்கள் ஓய்வு பெற்றார்கள். அவர்கள் எழுந்த இடத்தில் வேறு யாரும் உட்காரவில்லை.

1980-களின் கடைசியிலிருந்து தெருவுக்குத் தெரு எழுந்த மஞ்சள் பலகை எஸ்.டி.டி. பூத்துகளும் இதே வரிசையில் வருகின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கு அவற்றை ஒதுக்குவதில் முன்னுரிமை இருந்தது. ஒரு சிறிய கண்ணாடி அறை, ஒரு தொலைபேசி, சீட்டு அச்சிடும் மீட்டர். பேசி முடித்தவரே தொகையைப் படித்துச் சொல்லிப் பணம் தருவார். ஏமாற்றியவர்கள் குறைவு என்றே அந்தத் தொழிலில் இருந்தவர்கள் சொல்வார்கள். பட்டம் தேவையில்லை, போட்டித் தேர்வு இல்லை, மேலதிகாரி இல்லை. முதல் தலைமுறையாகப் பள்ளிக்குப் போய்ப் பாதியில் நின்றவரும் கௌரவமாகக் கடை திறந்து உட்கார முடிந்தது. கைபேசி எல்லோர் சட்டைப் பைக்கும் வந்தபோது, அந்தக் கண்ணாடி அறைகள் சில ஜெராக்ஸ் கடைகளாக மாறின, பல பூட்டப்பட்டன.

இந்த வேலைகள் அனைத்துக்கும் அடிப்படையாக இருந்த எண்ணம் ஒன்றுதான்: இவரால் எது முடியும் என்று பார்த்து, அதற்கு ஏற்ற வேலையில் அமர்த்துவது. நல்லெண்ணம்தான், ஆனால் எது முடியும் என்பதை முடிவு செய்தவர்கள் பார்வையுள்ளவர்கள். அவர்கள் போட்ட பட்டியல் குறுகியது. உடல் ஊனமுற்றோருக்கான முதல் சிறப்பு வேலைவாய்ப்பு அலுவலகம் 1959-ல் பம்பாயில் திறக்கப்பட்டது. பின்னர் சென்னை உள்ளிட்ட நகரங்களுக்கும் அது வந்தது. பெயரைப் பதிந்து, அட்டை வாங்கி, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்து, நேர்காணல் கடிதம் தபாலில் வரும் என்று காத்திருப்பது அன்றைய வேலை தேடல். 1977-ல் மத்திய அரசு 3 சதவீத இடஒதுக்கீட்டை ஆணையிட்டபோது, அது ‘சி’, ‘டி’ பிரிவுப் பணிகளுக்கு மட்டுமே பொருந்தியது. எழுத்தர், கடைநிலை ஊழியர் வரை வரலாம். அதற்கு மேலே வருவார்கள் என்று அன்று ஆட்சியாளர்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை.

1995-ல் இயற்றப்பட்டு 1996 பிப்ரவரி 7 அன்று நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் அந்த 3 சதவீதத்தைச் சட்ட உரிமையாக்கியது. அதில் குறிப்பிடப்பட்ட குறைபாடுகள் 7. 2016-ல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தில் அவை 21. இடஒதுக்கீடு 4 சதவீதம். மத்திய அரசு 2021 ஜனவரியில் வெளியிட்ட பட்டியலில் மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்தவை என்று கண்டறியப்பட்ட பணியிட வகைகள் 3,566. அவற்றில் 1,046 உயர் பதவிகளான ‘ஏ’ பிரிவைச் சேர்ந்தவை. பார்வையற்றோருக்கும் பார்வைக் குறைவுள்ளோருக்கும் உரிய பங்கு மட்டும் 1996-லும் 1 சதவீதம், இன்றும் 1 சதவீதம். எண் மாறவில்லை, எதில் 1 சதவீதம் என்பதுதான் மாறியது. முன்பு, பட்டியலில் இடம்பெற்ற பணிகளை மட்டும் கூட்டி, அதில் 1 சதவீதம் எடுத்தார்கள். பட்டியல் சிறிதானால் பங்கும் சிறிதாகும். 2013 அக்டோபர் 8 அன்று தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கைத் திருத்தியது. மொத்தப் பணியிடங்களின் அடிப்படையில்தான் ஒதுக்கீட்டைக் கணக்கிட வேண்டும் என்றது.

இந்தத் திருத்தங்கள் தாமாக நடக்கவில்லை. குடிமைப் பணித் தேர்வைப் பார்வையற்றோர் பிரெய்லிலோ, சொல்லச் சொல்ல எழுதித் தரும் ஸ்கிரைப் உதவியுடனோ எழுதலாம் என்பதற்கே 1993-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 2006-ஆம் ஆண்டுத் தேர்வில் தேறிய பார்வையற்றவர் ஒருவருக்குப் பணி மறுக்கப்பட்டது. ஏற்ற பணியிடங்கள் இன்னும் கண்டறியப்படவில்லை என்பது அரசின் வாதம். கண்டறியாமல் இருப்பதையே காரணமாகக் காட்டி உரிமையை மறுக்க முடியாது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. தமிழ்நாட்டில் 2013-ல் பார்வையற்ற பட்டதாரிகள் ஆசிரியர் வேலை கேட்டுச் சென்னைத் தெருக்களில் இறங்கினார்கள். 2014 மே மாதம் மாற்றுத்திறனாளிகளுக்கெனச் சிறப்பு ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்தது. உரிமையியல் நீதிபதி பதவிக்குப் பார்வைக் குறைபாடு 40 முதல் 50 சதவீதம் வரை இருப்பவரே வரலாம் என்ற தமிழ்நாட்டு வரம்பை எதிர்த்து, 70 சதவீதக் குறைபாடுள்ள ஒருவர் தொடுத்த வழக்கு 2019-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஆறே ஆண்டுகளில், 2025 மார்ச் 3 அன்று, பார்வையின்மையைக் காரணம் காட்டி நீதித்துறைப் பணியிலிருந்து யாரையும் விலக்க முடியாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் கதவைத் திறந்தது என்றால், உள்ளே உட்கார்ந்து வேலை செய்ய வைத்தது கணினி. அன்று ஒரு பாடப்புத்தகத்தைப் பிரெய்லில் மாற்றினால் அது பல தடித்த தொகுதிகளாகப் பெருகும்; பேருந்தில் தூக்கிக்கொண்டு போக முடியாது. கல்லூரிப் பாடங்கள் பெரும்பாலும் பிரெய்லில் கிடைக்கவே கிடைக்காது. ஆகவே யாராவது படித்துக் காட்ட வேண்டும். விடுதிக்கு மாலையில் வந்து படித்துக் காட்டிய தன்னார்வலர்கள் உண்டு. டேப்ரெக்கார்டர் முன் அமர்ந்து பாடம் முழுவதையும் கேசட்டில் பதிந்து கொடுத்த இல்லத்தரசிகள் உண்டு. அந்தக் குரல்களின் தயவில் பட்டம் பெற்றவர்கள் பலர். பார்வையற்ற டெட் ஹென்டர் 1989-ல் வெளியிட்ட ஜாஸ் என்னும் மென்பொருள் கணினித் திரையில் உள்ளதைப் பேசிக் காட்டியது. ஆனால் விலை அதிகம். 2006-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர்கள் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் இலவசமாகவே வந்தது. சென்னையைச் சேர்ந்த பெனோ செஃபைன் ஸ்டேட் வங்கியில் அதிகாரியாக இருந்துகொண்டே தேர்வெழுதி, 2015-ல் இந்திய வெளியுறவுப் பணிக்குச் சென்றார். முழுவதும் பார்வையற்ற ஒருவர் அந்தப் பணியில் சேர்ந்தது அதுவே முதல் முறை. மதுரையைச் சேர்ந்த பூரண சுந்தரி 2019-ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வில் 286-வது இடம் பெற்றார். தொலைபேசிப் பலகைக்கு மேல் ஒரு நாற்காலி இருக்கிறது என்று நம்பாத சமூகத்துக்கு, இப்படிப்பட்ட பெயர்கள் தேவையாக இருந்தன.

இன்று வங்கிக் கிளையில் பார்வையற்ற அதிகாரி ஒருவர் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். ஒரு காதில் இயர்போன். மறு காது வாடிக்கையாளருக்கு. மவுஸைத் தொடுவதே இல்லை. டேப் விசையைத் தட்டத் தட்டத் திரையின் ஒவ்வொரு கட்டத்தையும் திரைவாசிப்பான் சொல்லிக்கொண்டே போகிறது. அதன் வேகத்தில் நமக்கு ஒரு சொல்லும் புரியாது. அவருக்கு அது சாதாரணப் பேச்சு. வேலை தடையின்றி ஓடும், மென்பொருள் சரியாக எழுதப்பட்டிருக்கும் வரை. பொத்தானுக்குப் பெயர் வைக்க மறந்த ஒரு பக்கம் வந்துவிட்டால், எது ‘சேமி’, எது ‘ரத்து’ என்று சொல்லாமல் ‘பட்டன், பட்டன்’ என்றே அது சொல்லிக்கொண்டிருக்கும். படத்தில் உள்ள எழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் கேப்ட்சா வந்தால், பக்கத்து இருக்கைக்காரரைக் கூப்பிட வேண்டியதுதான்.

தமிழில் இன்னொரு தடையும் சேர்ந்துகொண்டது. அலுவலகங்களில் நெடுங்காலம் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தார்கள். கண்ணுக்கு அது அழகான தமிழ். கணினிக்குள் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை. திரைவாசிப்பான் அந்தக் குழப்பத்தைத்தான் வாசிக்கும். தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடை ஏற்றது. ஆயினும் பழைய கோப்புகள் பழைய எழுத்துருவிலேயே கிடக்கின்றன. புதிய சுற்றறிக்கைகள் பல, கையெழுத்திட்ட தாளை ஸ்கேன் செய்த படமாக வருகின்றன. முன்பு யாராவது படித்துக் காட்டினால் புரிந்த கடிதம், இன்று யாரும் படித்துக் காட்டத் தேவையில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொள்வதால் படிக்கப்படாமல் நிற்கிறது. மின்னணுச் சேவைகளை அணுக முடிவது வாழும் உரிமையின் பகுதியே என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது இந்த வகைத் தடைகளை மனத்தில் கொண்டுதான்.

தேர்வு அறையிலும் இதே இரட்டைக் கதை. அன்று ஸ்கிரைப் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்தாலும் கண்காணிப்பாளர் அனுமதிக்க வேண்டும். 2013-ல் மத்திய அரசு வகுத்த வழிகாட்டு நெறிகள் தமக்கு வேண்டிய ஸ்கிரைபைத் தாமே அழைத்துவரவும், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் பெறவும் வழிசெய்தன. பெரிய முன்னேற்றம். ஆனால் இன்று அந்தத் தேர்வு அறைக்குள் நுழையாமல் வேலை இல்லை. வரைபடமும் அட்டவணையும் நிறைந்த வினாத்தாளை, அந்தப் பாடம் அறியாத ஒருவர் வாசிக்கக் கேட்டு, மனத்துக்குள்ளேயே கணக்குப் போட்டு விடை சொல்ல வேண்டும். பட்டறையில் விரல்களைப் பார்த்து ஆள் எடுத்த காலம் போய்விட்டது.

படிப்பு வாய்க்காதவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரிந்துகொள்ளச் சென்னைப் புறநகர் மின்சார ரயிலில் ஒருமுறை போய் வந்தால் போதும். ஊக்கு, பேனா, கைபேசி உறை, அட்டைப் பை ஆகியவற்றைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு பெட்டி பெட்டியாக விற்றுப் போகிறார்கள். அவர்களுடைய விரல்கள் பழகிய ஒன்று ரூபாய் நோட்டு. பழைய 100 ரூபாய் நோட்டின் நீளம் 157 மில்லிமீட்டர். 500 ரூபாய் நோட்டு 167. பத்து மில்லிமீட்டர் வேறுபாட்டை விரலிடுக்கில் மடித்துப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். 2016 முதல் வந்த புதிய வரிசையில் 100 ரூபாய் 142, 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நான்கு மில்லிமீட்டர். அகலமோ மூன்றுக்கும் ஒன்றே. கசங்கிய நோட்டில் அந்த நான்கு மில்லிமீட்டரைத் தேடுவது, ரயில் அடுத்த நிலையத்தில் நிற்பதற்குள் நடக்கிற காரியமில்லை. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் நோட்டை அடையாளம் சொல்லும் ‘மணி’ செயலியைத் தந்தது. க்யூ.ஆர். அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பணம் வந்ததைக் குரலால் அறிவிக்கும் சிறு பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டவர்களும் உண்டு. நோட்டில் போன நம்பிக்கை ஒலிப்பெட்டியில் ஓரளவு திரும்பியிருக்கிறது.

நாடளவில் எண்களைப் பார்த்தால் இந்த இரு நிலைகளும் தெளிவாகும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களில் ஏதோ ஒரு வேலையில் இருந்தவர்கள் 36 சதவீதம்; ஆண்களில் 47, பெண்களில் 23. 2018-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 76-வது சுற்று, 15 வயதுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளிடையே வேலையின்மை 4.2 சதவீதம்தான் என்றது. கேட்பவருக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்தே 23.8 சதவீதம்தான் என்கிறது அதே ஆய்வு. எஞ்சிய முக்கால்வாசிப் பேர் தேடவே இல்லை. தேடாதவர் வேலையற்றோர் கணக்கில் வருவதில்லை. அவர்களில் படிப்பவர்கள், முதியவர்கள் போக, ‘நமக்கு யார் கொடுப்பார்கள்’ என்று வீட்டோடு நின்றுவிட்டவர்களின் எண்ணிக்கைக்கு எந்தப் பத்தியும் இல்லை.

தனியார் துறையில் மாற்றுத்திறனாளிகள் குறைந்தது 5 சதவீதம் இருக்க ஊக்கம் அளிக்க வேண்டும் என்று 1995-ல் இயற்றிய சட்டமும் சொன்னது. 2016-ல் இயற்றிய சட்டமும் அதையே சொல்கிறது. இரண்டிலும் அது ஊக்கம் மட்டுமே, கட்டாயம் இல்லை. அரசிலோ, ஒதுக்கீடு முதலில் பிறந்த கடைநிலைப் பணிகள் ஒப்பந்தக்காரர்களின் கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் கோப்பு எடுத்துக் கொடுக்கும் வேலையும் இருக்கவே செய்கின்றன. அவற்றை நிரப்புகிறவர் ஒப்பந்தக்காரர் என்பதால் 4 சதவீதம் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. மேலே ‘ஏ’ பிரிவின் கதவு திறந்த அதே ஆண்டுகளில், கீழே ‘டி’ பிரிவின் கதவு ஓசையின்றிச் சாத்தப்பட்டது. வேலை கிடைத்தவர்களிடமும் ஒரு புதிய மனக்குறை கேட்கிறது: ‘சம்பளம் கொடுக்கிறார்கள், வேலை கொடுப்பதில்லை.’ பழைய இயக்குநர் ஒரு நாள் வராவிட்டால் அலுவலகமே திணறும். அந்த அவசியம்தான் அவருடைய மரியாதை. இன்றைய அதிகாரிக்கு அதைவிடப் பெரிய பதவி இருக்கிறது. அந்த அவசியத்தை அவர் ஒவ்வொரு கிளையிலும் புதிதாக நிறுவ வேண்டியிருக்கிறது.

பிரம்புக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அந்தப் பட்டியலுக்குள் அடைபட்டு, பாடவும் பின்னவும் மட்டுமே தெரிந்தவர்களாகக் கருதப்பட்டு, தங்கள் அறிவைப் பயன்படுத்தாமலே ஓய்வுபெற்றவர்கள் எத்தனையோ பேர். இன்றைய வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்காமல் போனது இந்த நாட்டின் இழப்பு. ஆனால் அந்தப் பழைய ஏற்பாடு, எட்டாம் வகுப்போடு நின்றவருக்கும் ஒரு நாற்காலி வைத்திருந்தது. புதிய ஏற்பாடு அந்த நாற்காலியை எடுத்துவிட்டது. மாற்றாக எதையும் போடவில்லை. அரசு வாங்கும் ஒவ்வொரு மென்பொருளையும் பார்வையற்றவர் ஒருவர் இயக்கிப் பார்த்த பிறகே வாங்குவது, ஒப்பந்தப் பணிகளுக்கும் 4 சதவீதத்தை நீட்டிப்பது, போட்டித் தேர்வு எழுத முடியாதவர்களுக்கு இக்காலத்துக்கு ஏற்ற கைத்தொழில்களையும் சிறு கடைகளையும் ஏற்படுத்தித் தருவது, இவை மூன்றும் இன்றே தொடங்கக்கூடியவை. மாறுதலை வெளியுறவுப் பணிக்குச் சென்றவரைக் கொண்டு அளந்தால் நாம் வெகுதூரம் வந்துவிட்டோம். பள்ளிக்குப் பாதி நாள் போய் நின்றுவிட்ட கிராமத்துப் பார்வையற்ற பெண்ணைக் கொண்டு அளந்தால், 1970-களில் அவளுடைய பாட்டிக்கு என்ன வேலை இருந்ததோ அதுதான் அவளுக்கும் இருக்கிறது. அவள் மாதம் பிறந்தால் கையில் வாங்கும் சம்பளம்தான் இனி நம் அளவுகோலாக இருக்க வேண்டும்.